கிளவுடில் ஓடும் செயலியை வெளியே உள்ள ரெடிஸுடன் இணைப்பது எப்படி? என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை

"என் கணினியில் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முதல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சைவக்கடை முதலாளியிடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு நின்றேன்.

உங்கள் கோடில் ரெடிஸின் (தரவை நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத் தரும் தரவுத்தளம்) முகவரி இன்னும் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 6379 என்றுதான் இருக்கும். கிளவுடில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் செயலி ஓடுகிற அந்தப் பெட்டிதான். அதற்குள் ரெடிஸ் கிடையாது. வெளி முகவரியைக் கோடில் எழுதாமல் கிளவுட் செட்டிங்கில் போட்டு, அங்கிருந்து வாசியுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் கூத்து.

நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறினால் 25 நாளும் ஊரில் கனபேர் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார்கள். சைவக்கடைக்கு அதுதான் காலம். ஓடர் எடுக்கும் செயலியைக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஏற்றினேன். இணைப்பு வரவில்லை. கடவுச்சொல்லில் ஒரு # இருந்தது. முகவரிக்குள் அது வந்தால் அந்த இடத்தோடு முகவரி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். %23 என்று எழுத வேண்டுமாம். இது பிடிபட இரவு ஒரு மணி. பிறகு இணைப்பு திறந்தது, உடனே அறுந்தது. நான் எடுத்திருந்த ரெடிஸ் சேவை டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) இல்லாமல் உள்ளே விடாது. முகவரியின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ரெடிஸ் என்பதற்குக் கடைசியில் இன்னொரு எஸ் போட வேண்டும். ஒரேயொரு எழுத்து!

சரி, முடிந்தது என்று படுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் முதலாளியின் அழைப்பு: "தம்பி, ஓடர் ஒண்டும் வரேல்லை, சனம் வாசலில நிண்டு கத்துது." அந்தச் சேவையின் இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 30 இணைப்புதான். நானோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒன்று திறந்து, மூடாமல் விட்டிருந்தேன். செயலி தொடங்கும்போது ஒருமுறை திறந்து அதையே எல்லாவற்றுக்கும் பாவிக்கும்படி மாற்றினேன். அப்போதும் ஆமை வேகம். செயலி சிங்கப்பூரில், ரெடிஸ் அமெரிக்காவில் வர்ஜீனியாவில்! ஒரு முறை போய்வரவே கிட்டத்தட்டக் கால் நொடி. இரண்டையும் சிங்கப்பூரில் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

"சின்னக் கடைக்கு ரெடிஸ் எதற்கு, போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் போதாதா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: போதும், தெரியும். 2024இல் ரெடிஸின் உரிமம் மாறியதும் அதிலிருந்து பிரிந்துபோன வால்கீ என்ற திறந்த மென்பொருளையும் தெரியும். கேட்டவர் ரெடிஸைத்தானே கேட்டார்? டிஎல்எஸ் சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

சொல்ல வந்தது வேறு, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கிழமையே கனடாச் சித்தப்பா கோல் எடுத்து, ஊர்க் கோயிலுக்கு "சும்மா ஒரு வெப் பக்கம்தானே, செய்து தா" என்றார். கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கக் காசு அனுப்புகிறவர், சேர்வருக்கு ஒரு சதம் அனுப்பவில்லை. இன்றைக்கும் மாதாமாதம் டொலரில் என் கார்டில்தான் கழிகிறது.

உங்கள் பிழைச்செய்தியில் 127.0.0.1 (லோக்கல்ஹோஸ்டின் எண் முகவரி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கடவுச்சொல்லை மறைத்துவிட்டு முகவரியைப் போடுங்கள், பார்ப்போம்.