ஜப்பான் போக ‘ரயில் பாஸ்’ கட்டாயமா? கும்பகோணம் வாசகருக்குப் பதில்

கேள்வி: நாங்கள் இருவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 10. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை, டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா நான்கையும் ரயிலில் பார்த்துவர ஆசை. நாங்கள் அணுகிய ஏஜெண்ட், நாலு பேருக்கும் 7 நாள் ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வே ரயில்களில் அத்தனை நாளும் பயணம் செய்யும் சீட்டு) இப்போதே வாங்காவிட்டால் புல்லட் ரயிலில் இடமே கிடைக்காது என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பயணத்துக்கு அந்தப் பாஸ் நஷ்டம். பாஸ் இருந்தால் இடம் உறுதி என்று சொன்னதும் தவறு. பாஸ் ரயிலில் ஏற அனுமதி, அவ்வளவுதான். உட்கார இடம் வேண்டுமென்றால் அதை வைத்துத் தனியாக ரிசர்வேஷன் செய்ய வேண்டும். ஜப்பான் ரயில்வேயின் சொந்தத் தளத்தில் பாஸ் வாங்கியவர் வீட்டிலிருந்தே இடம் பிடிக்கலாம். ஏஜெண்ட் தருவது பெரும்பாலும் மாற்றுச் சீட்டு; ஜப்பானில் இறங்கி, கவுண்டரில் வரிசையில் நின்று அதைப் பாஸாக மாற்றிய பிறகுதான் இடம் கேட்கவே முடியும். ஆண்டிறுதி நெரிசலில் அதற்குள் நல்ல ரயில்கள் நிரம்பிவிடும். இடத்துக்குப் பயந்து பாஸ் வாங்குகிறவருக்கே இடம் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். உங்கள் மகள் பெரியவர் கணக்கு. ஆக நாலு பேருக்கு 1,75,000 யென். புல்லட் ரயில்களிலேயே வேகமான நொசோமியில் ஏற, பாஸுக்கு மேல் இன்னொரு கட்டணமும் உண்டு: டோக்கியோ–கியோட்டோவுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 5,000 யென். பாஸே இல்லாமல் அதே தூரத்துக்கு நொசோமி டிக்கெட் சுமார் 14,000 யென்தான்.

பழைய விலையில் பாஸ் லாபமாக இருந்தது உண்மை. இன்றைக்கும் அதையே சொல்லி விற்பவர்களுக்குக் கமிஷன்தான் லாபம்.

பாஸ் தேவைப்படுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் விமான டிக்கெட். டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலேயே திரும்ப ஏறும்படி போட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஹிரோஷிமாவிலிருந்து அத்தனை தூரமும் ரயிலில் திரும்பியாக வேண்டும். அந்த நீளத்தைக் காட்டித்தான் பாஸை விற்கிறார்கள். டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையத்தில் ஏறும்படி டிக்கெட் கேளுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகவே போகலாம். ஆனால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட்டாகப் போட்டால், சிங்கப்பூரில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பொதுவாக அந்த நாட்டு விசா வேண்டும். சென்னையிலிருந்துதான் விமானம் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். மார்கழி தொடங்கும்போதும் புயல் வருகிற ஊர் நம் டெல்டா. முதல் நாள் ராத்திரி ரயிலை நம்பக் கூடாது.

இனி தேதி. ஜப்பானில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை அல்ல. கூட்டம் 28ஆம் தேதி வாக்கில் தொடங்கும். டோக்கியோவாசிகள் சொந்த ஊர் போவார்கள். ஜனவரி 2, 3, 4 தேதிகளில் டோக்கியோவை நோக்கித் திரும்புவார்கள். அந்த நாட்களில் நொசோமியில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது; 2023 இறுதியிலிருந்து இதுதான் நடைமுறை. ஆகவே 25, 26 டோக்கியோ. 27 காலையில் மேற்கே கிளம்பிவிடுங்கள். ஹிரோஷிமாவை 29க்குள் முடியுங்கள்; அங்குள்ள அமைதி நினைவு அருங்காட்சியகம் 30, 31 தேதிகளில் மூடியிருக்கும்.

இருக்கை விற்பனை பொதுவாகப் பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நமக்கு அது காலை 6.30. டிசம்பர் 27 பயணத்துக்கு நவம்பர் 27. 31ஆம் தேதிப் பயணத்துக்கு மட்டும் டிசம்பர் 1, ஏனென்றால் நவம்பரில் 31 இல்லை. அதற்கு வெகு முன்பாக ‘கன்ஃபர்ம் ஆகிவிட்டது’ என்று பணம் கேட்டால், ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றும் உள்ள சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அவர் வாங்கியிருப்பது உங்கள் பணத்தை மட்டும்தான்.

ஸ்மார்ட் இ.எக்ஸ். என்ற ரயில்வேயின் சொந்தச் செயலியில் நீங்களே வாங்கலாம். டி, இ இருக்கைகளை அடுத்தடுத்த இரு வரிசைகளில் எடுத்தால், முன்வரிசையைத் திருப்பி நால்வரும் எதிரெதிரே உட்காரலாம். ஃபுஜி மலையும் அந்தப் பக்கம்தான் தெரியும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சக்கரம், கைப்பிடியோடு அளந்து கூட்டுங்கள். 160 செ.மீ. தாண்டினால் கடைசி வரிசையில், பெரிய சாமான் வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையைக் கேட்க வேண்டும். கேட்கும்போது தனிக் கட்டணம் இல்லை. கேட்காமல் ஏறினால் 1,000 யென்.

ஹிரோஷிமாவுக்கு மட்டும் ஒரு பாஸ் வாங்குவது நியாயம். கன்சாய்–ஹிரோஷிமா வட்டாரப் பாஸ் என்று பெயர். தொடர்ந்து 5 நாள், 17,000 யென் அளவில். ஒசாகாவின் புல்லட் ரயில் நிலையமான ஷின் ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்வர மட்டுமே 20,000 யென்னுக்கு மேல் ஆகிவிடும். இந்தப் பாஸிலோ அதோடு ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவுக்கு ரயில்வே படகு, நாரா நகருக்கு ரயில், கன்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா ரயில் எல்லாம் அடக்கம். நொசோமிக்குத் தனிக் கட்டணமும் இல்லை.

ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள். கியோட்டோவிலிருந்து ஷின் ஒசாகா வரையிலான புல்லட் ரயில் இந்தப் பாஸில் சேராது. கும்பகோணம்–தஞ்சாவூர் தூரம்தான், ஆனால் அந்தத் துண்டு வேறு கம்பெனியுடையது. பழைய அரசு ரயில்வே 1987இல் பயணிகளுக்கென ஆறு கம்பெனிகளாகப் பிரிந்தது. ஷின் ஒசாகா வரை மத்தியக் கம்பெனி, அதற்கு மேற்கே மேற்குக் கம்பெனி. இந்தப் பாஸ் மேற்குக் கம்பெனியுடையது. ஒரே ரயில், ஒரே தண்டவாளம், இறங்காமல் உட்கார்ந்தே போகலாம். இருந்தும் கியோட்டோவில் புல்லட் ரயில் ஏறினால் அந்தத் துண்டுக்குத் தனியாகப் பணம் கட்டத்தான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு இதை டிக்கெட்டிலேயே கொட்டை எழுத்தில் போட என்ன தடையோ! கியோட்டோவில் தங்கினால், சாதாரணத் தடத்தில் அரை மணி நேரத்தில் ஷின் ஒசாகா போகும் விரைவு ரயிலில் ஏறுங்கள். அதற்குப் பாஸ் செல்லும். இன்னும் சுலபம், ஷின் ஒசாகா பக்கமே அறை எடுத்துவிட்டு, கியோட்டோவுக்கு அந்த ரயிலில் போய்வருவது. பாஸை 28ஆம் தேதி தொடங்குங்கள். ஜனவரி 1 வரை வரும்.

இப்படிப் போனால் நாலு பேருக்கும் ரயில் செலவு மொத்தம் 1,10,000 யென் அளவில் நிற்கும். ஏஜெண்ட் சொன்ன பாஸைவிட 65,000 யென் குறைவு.

டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறைப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வசூலித்துவிட்டுக் கட்டாமல் விடுபவர்களும் உண்டு.

அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு செல்லத் துறை அனுமதி வேண்டும். பத்து நாள் சொந்தச் செலவில் போய்வர ஒரு ஆசிரியரின் மனு மேசை மேசையாக மாதக்கணக்கில் உட்காருவதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது. அதைத் திருத்தும்வரை, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே மனுவைக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விசா இ-விசாவாக வந்தால், விமான நிலையத்தில் இணையத்தோடு செல்போனில் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்கமாட்டார்கள். நவம்பர் நடுவிலேயே வங்கிச் செயலியில் உங்கள் ‘விசா’ கார்டு அல்லது மாஸ்டர்கார்டுக்கு வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்து, ஸ்மார்ட் இ.எக்ஸ். கணக்கில் அதைப் பதிந்துவிடுங்கள். கார்டு ஏற்கவில்லை என்றால் வங்கியோடு பேச நேரம் இருக்கும். நவம்பர் 27ஆம் தேதி காலை 6.30க்கு அந்த நேரம் இருக்காது.