வீட்டுல எடுத்த விதையை வித்தா கேஸ் வருமா?

கேள்வி: சார், தோவாளைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு. கும்பப்பூ போகத்துக்கு கடையில வாங்கின வித்து நெல்லு நல்லா வெளைஞ்சுது, அதுல கொஞ்சத்தை காயவச்சு எடுத்து அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு நானும் வெதச்சேன், கேட்ட ரெண்டு பேருக்கு காசுக்கும் குடுத்தேன். இப்போ வித்துக்கடைக்காரர் "அது பதிவு பண்ணின ரகம், நீரு வித்தா கேஸ் போடுவாவ"ன்னு பயமுறுத்துகாரு. உள்ளதா?

பதில்: பயப்படாதீங்க அண்ணாச்சி. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்துல 39வது பிரிவைப் பாருங்க. பதிவு பண்ணி, உருவாக்கினவருக்கு உரிமை குடுத்த ரகமாவே இருந்தாலும் விவசாயி தன் விளைச்சல்ல விதை எடுத்து வைக்கலாம், திரும்ப வெதைக்கலாம், பக்கத்து வயக்காரருக்கு மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டாரு, சொன்னா அவரு யாவாரம் என்னாவது!

தடை ஒண்ணே ஒண்ணுதான், பையில கட்டி அந்த ரகத்துப் பேரை லேபிளா ஒட்டி விக்கப்பிடாது. சும்மா சாக்குல இருந்து அளந்து குடுத்தா ஒண்ணுமில்ல. அதுபோல 1966 விதைச் சட்டத்துலயும் 24வது பிரிவு, தான் வெளைவிச்ச விதையை தன் இடத்துல வச்சு வெதைக்கிறவர் கையிலயே நேரா குடுக்கிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்லுது. ஆனா இதையே தொழிலாக்கி கடை போட்டீங்கன்னா லைசென்ஸ் வேணும், அது வேற கதை.

கேஸ் போட்ட கதையும் உண்டு. 2019ல குஜராத்துல பெப்சி கம்பெனி, சிப்ஸ் போடுற உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியில்லாம பயிரிட்டதா சொல்லி சில விவசாயிங்க மேல ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல கேட்டு வழக்கு போட்டுச்சு. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பினதும் அந்த வருஷம் மே மாசமே வாபஸ் வாங்கிட்டாங்க. அப்புறம் 2021ல அந்த ரகத்தோட பதிவே ரத்தாச்சு, 2024ல டெல்லி ஹைகோர்ட் அதைத் திருப்பிக் குடுத்துச்சு. பதிவு திரும்பி வந்தாலும் 39வது பிரிவு அப்படியேதான் இருக்கு.

ஒண்ணு மட்டும், வாங்கினது ஹைபிரிட்டா, அதாவது ரெண்டு ரகத்தை ஒட்டுச் சேர்த்த விதையா இருந்தா சட்டம் தடுக்காது, ஆனா அடுத்த தடவை ஒரே வயல்ல நெட்டையும் குட்டையுமா வரும், கதிரும் ஒண்ணா முத்தாது. அதைக் காசுக்குக் குடுத்தா கேஸ் வராட்டாலும் வாங்கினவரு வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு.

கேள்வி: குலசேகரத்துல பாவக்கா பந்தல் போட்டேன். பூவா பூத்துத் தள்ளுது, காயே இல்ல. வித்து வாங்கின கடைக்காரர் பில்லும் தரல்ல, கேட்டா நீங்க உரம் போட்டது சரியில்லன்னு சொல்லுகாரு. என்ன செய்ய?

பதில்: அக்கா, முதல்ல பூவைப் பாருங்க, பூவுக்குப் பின்னால குட்டிக் காய் மாதிரி இருந்தா அது பெண்பூ. யூரியா கூடிட்டாலும் வெயில் கடுமையா இருந்தாலும் ஆண்பூவாவே வரும், எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிச்சுக்கும். அதனால கொடி பந்தல்ல நிக்கும்போதே தோட்டக்கலை அதிகாரிக்கு மனு குடுத்து, நேர்ல வந்து பாத்து அறிக்கை எழுத வையுங்க, கொடி காஞ்சப்புறம் போய் அழுது பிரயோஜனமில்ல. லாட் நம்பர் (எந்தத் தொகுப்பு விதைன்னு காட்டுற எண்) இருக்க காலிப் பாக்கெட்டைக் குப்பையில போடாதீங்க, ஜிபேல காசு போட்டிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட் எடுங்க. பில் குடுக்க வேண்டியது கடைக்காரரோட கடமை, 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணையிலயே இருக்கு, அவரு தராதது உங்க குத்தமில்ல.

விதை வாங்குற விவசாயியும் நுகர்வோர்தான், மிச்ச விதையை டெஸ்டுக்குக் குடுக்கலன்னு புகாரைத் தள்ள முடியாதுன்னு 2012லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. நாகர்கோவில்ல இருக்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா பீஸ் கிடையாது. அதுக்கு முன்ன தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் பாருங்க, சில கடைக்காரங்க அதுலயே வழிக்கு வந்துடுவாங்க.

கேள்வி: மட்டி வாழைப் பழத்துக்கு புவிசார் குறியீடு வந்தாச்சாமே, இனி வாழைக் கன்னு வித்தா குத்தமா?

பதில்: இல்ல. 2023ல கிடைச்ச குறியீடு பேருக்குத்தான், வேற ஊர்ப் பழத்தை கன்னியாகுமரி மட்டின்னு சொல்லி விக்கப்பிடாது. உங்க விளையில நிக்க கன்னைத் தோண்டி தாராளமா குடுங்க.