வேலையை விட்டாச்சு, வீட்டுக் கடன் பாக்கி இருக்கு: எதை முதலில் கட்டுவது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு, நகைக்கடன் மூன்றும் தலைமேல். கையில் இருப்பது மூன்று தவணைக்குத்தான் வரும். எதை முதலில் கட்டுவது? வீடு போய்விடுமா?

வீடு அவ்வளவு சீக்கிரம் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அஞ்சு வட்டிக்குப் போய்க் கைநீட்டி நின்றிருக்க மாட்டேன்.

எனக்கு ஊர் செங்கோட்டை. கட்டுமானச் சாமான் விற்கும் ஒரு தனியார் கம்பெனியில் எட்டு வருஷம் சேல்ஸ் பார்த்தேன். ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் வரை என் லைன். காலையில் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் திரும்பி வர ராத்திரி ஒன்பது ஆகும். 2022-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அதே மாதம் என்னைத் திருச்சூருக்கு மாற்றினார்கள். ஜூன் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். "கோவத்துல விட்டுட்டான்" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கோபமும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

கடன் 2019 அக்டோபரில் வாங்கியது. 18 லட்சம், 20 வருஷம், மாதம் 15,600 தவணை. 2020-ல் கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போடலாம் என்றதும் சந்தோஷமாகத் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு மாத வட்டி அசலோடு போய் ஒட்டிக்கொண்டது அப்போது உறைக்கவில்லை.

வேலையை விட்ட பிறகு ஜூலை, ஆகஸ்ட் தவணைகள் சேமிப்பிலிருந்து போயின. செப்டம்பரில் கிரெடிட் கார்டைக் கொண்டுபோய் ஏ.டி.எம்.மில் சொருகி 20,000 எடுத்தேன். கார்டில் சாமான் வாங்கினால்தான் ஐம்பது நாள்வரை வட்டியில்லாத காலம். ரொக்கமாக எடுத்தால் எடுத்த நிமிஷத்திலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம் வேறு. என் கார்டில் அது மாதம் மூன்றரை சதவீதம். அக்டோபரில் தெரிந்த ஒருவர் மூலமாக 30,000 ரூபாய், அஞ்சு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் அஞ்சு, வருஷத்துக்கு அறுபது. அந்தப் பணத்தில் அக்டோபர், நவம்பர் தவணைகளை ஒரு நாள் பிந்தாமல் கட்டினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். ஒரு தவணை ஒரு மாதம் பிந்தினால் என் பேங்கில் அன்றைக்கு இருந்த அபராத வட்டி வருஷத்துக்கு இரண்டு சதவீதம். 15,600-க்கு ஒரு மாதத்துக்கு 26 ரூபாய். பணமில்லாமல் தவணை திரும்பியதற்கு 500 சொச்சம் கட்டணம். அதே 15,600-ஐ அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 780 ரூபாய், அதுவும் அசலைத் திருப்பிக் கொடுக்கும் வரை மாதாமாதம். எட்டரை சதவீதக் கடனை ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று காட்டிக்கொள்ள அறுபது சதவீதக் கடனை வாங்கியிருக்கிறேன். என்னை மூழ்கடித்தது வீட்டுக் கடன் இல்லை, அதைக் கட்டுவதற்காக வாங்கிய குட்டிக் கடன்கள்தான்.

இதைப் படித்துவிட்டு வேண்டுமென்றே தவணையை விட்டுவிடாதீர்கள். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடி வாங்கும், அது நிஜம். ஆனால் வேலையில்லாதவனுக்கு அடுத்த லோன் யார் கொடுக்கப்போகிறார்கள்? அந்த மதிப்பெண்ணை ஃபிரேம் போட்டா மாட்டப்போகிறோம்?

பேங்க் பக்கத்தில் நடப்பது இது. தவணை விட்டு முதல் முப்பது நாள், அடுத்த முப்பது, அதற்கடுத்த முப்பது என்று கணக்கைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பார்கள். 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன். அதற்குப் பிறகு, அடமானச் சொத்தை பேங்க் கையகப்படுத்த வழிசெய்யும் 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நோட்டீசுக்கு நாம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதன் பிறகுதான் வீட்டைக் கையகப்படுத்தும் பேச்சு, பிறகு 30 நாள் விற்பனை நோட்டீஸ். கையகப்படுத்தும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நம் பக்கத்துக்கு மதுரை. ஆக முதல் தவணை விட்ட மறுநாளே யாரும் பூட்டோடு வருவதில்லை. போனில் மிரட்டுகிறவர்களும் காலை 8 மணிக்கு முன்னாலோ மாலை 7 மணிக்குப் பின்னாலோ கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஒருவன் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். "சார் நல்லா படிச்சிருக்கீங்க" என்றான். அதற்குப் பிறகு பகலில்தான் கூப்பிட்டான்.

கந்துவட்டிக்காரருக்கு நோட்டீஸ் கிடையாது, தொண்ணூறு நாள் கிடையாது. டிசம்பர் முதல் வாரம் அந்த ஆள் நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நான் இல்லை, என் மனைவி இருந்தாள். அதுவரை அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கேரளாவில் இதற்கு 'ப்ளேடு' என்று பெயர், 2014-ல் 'ஆபரேஷன் குபேரா' என்று போலீஸ் விரட்டி விரட்டிப் பிடித்தது. அங்கே ப்ளேடு, இங்கே கந்து, அறுப்பது என்னவோ ஒரே கழுத்தைத்தான். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீயில் போனது எங்கள் பக்கத்துக்காரர்கள்தான். அந்தச் செய்தியைப் படித்து அழுத நானே அஞ்சு வருஷம் கழித்து கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நின்றேன். தவணை தேதி நெருங்கினால் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

அன்று ராத்திரி அவள் திட்டவில்லை. கழுத்திலிருந்த மூணு பவுன் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதுங்க. எனக்குத் தெரியாதது ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றாள். எழுதினேன். எழுத ஒரு மணி நேரம் ஆனது. கூட்டினால், எனக்கே தெரியாமல் கார்டு பாக்கி 41,000-க்கு வந்திருந்தது.

சங்கிலியை பேங்கில் அடகு வைத்தோம். அன்றைக்கு கிராம் விலை 5,000-க்குக் கீழே, 75,000 கிடைத்தது, வட்டி வருஷத்துக்கு ஒன்பது சதவீதச் சொச்சம். அதில் அஞ்சு வட்டி 30,000-ஐ முதலில் அடைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுத் தாளைத் திருப்பி வாங்கிக் கண் முன்னால் கிழித்தோம். மீதி முழுவதும் கார்டுக்கு. நகையை அடகு வைப்பதென்றால் ஊரில் முகம் சுளிப்பார்கள். அறுபது சதவீதக் கடன் ஒன்பதாக இறங்குகிறது என்றால் அதைவிட நல்ல காரியம் அந்தச் சங்கிலி செய்ய முடியாது. விற்காமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகு தங்கம் போன உயரத்துக்குத் திரும்ப வாங்கியிருக்கவே முடியாது. அடகு வைத்தவர்கள் ஒன்று செய்யுங்கள்: வருஷக் கெடு தேதியை காலண்டரில் குறித்துவையுங்கள். வட்டியைக் கட்டி மாற்றி வைக்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும்.

அடுத்த நாள் வீட்டுக் கடன் கொடுத்த கிளைக்குப் போனேன். டிசம்பர் தவணை தேதி வருவதற்கு முன்னாலேயே போனது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். லோன் பிரிவில் ஒரு மேடம் இருந்தார். வேலையை விட்ட கடிதம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வைத்து ஒரு மனு கொடுத்தேன். கொரோனா சலுகை முடிந்துவிட்டது, தவணையை நிறுத்திவைக்க முடியாது என்றார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 2022 மே மாதத்திலிருந்து ரெப்போ வட்டி, அதாவது பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டி, ஏறிக்கொண்டே இருந்த நேரம் அது; அது ஏறினால் நம் கடன் வட்டியும் ஏறும். 4 சதவீதத்தில் இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. தவணை மாறவில்லை, காலம்தான் நீண்டிருந்தது. மூன்று வருஷம் கட்டிய பிறகு எனக்குப் பாக்கி மறுபடியும் கிட்டத்தட்ட இருபது வருஷம். "இன்னும் நீட்ட இடமில்ல சார், உங்க வயசு இடிக்கும்" என்றார். லோன் போடும்போது தலையில் கட்டிய இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கேட்டேன். அது வேலையிலிருந்து நீக்கினால்தானாம், நாமே ராஜினாமா செய்தால் கிடையாதாம்.

வீட்டை விற்பது பற்றி நான் பேசத் தொடங்கியபோது வழி சொன்னது மனைவிதான். "விக்க வேண்டாம். நாம வெளிய போவோம்." அப்பா இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்கு நாங்கள் போய்விட்டு, புது வீட்டை வாடகைக்கு விட்டோம். ஒரு அரசு ஊழியர் குடும்பம், மாதம் 9,000, அட்வான்ஸ் 50,000. அந்த அட்வான்சில்தான் டிசம்பர், ஜனவரி தவணைகள் போயின. குற்றால சீசனுக்கு ரூமாக விட்டால் இன்னும் வரும் என்று பலர் சொன்னார்கள். சாரல் மூன்று மாதம், தவணை பன்னிரண்டு மாதம். நிலையான வாடகை போதும் என்று விட்டோம். மூன்று வருஷம் மட்டும் குடியிருந்த வீட்டின் சாவியை இன்னொருத்தர் கையில் கொடுத்த அன்று, மகள் தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

மிச்சத் தவணைக்கு பிரானூர் பார்டரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதப் போனேன். (செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அப்போது எல்லை அங்கே இருந்ததால் 'பார்டர்' என்ற பெயர் இன்னும் போகவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அது பரோட்டா சாப்பிடும் இடம்.) மில் அண்ணாச்சி, "கேரளாப் பாக்கியெல்லாம் உனக்குத் தெரிஞ்ச லைன்தானல, அதையும் வசூல் பண்ணிக் கொடு" என்றார். சம்பளம் 14,000. முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை.

பி.எஃப். பணம் வர 2023 பிப்ரவரி ஆனது. அப்போதிருந்த விதிப்படி வேலை விட்டு ஒரு மாதத்தில் 75 சதவீதமும் இரண்டு மாதத்தில் மீதியும் எடுக்கலாம். ஆனால் கம்பெனி விலகிய தேதியைப் பதியவே இல்லை. இரண்டு மாதம் கழித்து நாமே ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதைச் செய்தால் அடுத்து பெயர்த் தகராறு. ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப்.பில் முன்னால். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் வேலையில் இருக்கும்போதே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

வந்தது 2,60,000. அதில் இரண்டு லட்சத்தைக் கொண்டுபோய் அசலில் போட்டுவிடலாம் என்று அதே மேடத்திடம் போனேன். அவர் சலானை வாங்கவே இல்லை. "அசல்ல போட்டா லோன் காலம் குறையும் சார். அடுத்த மாசத் தவணை குறையாது. அப்ப எதை வச்சுக் கட்டுவீங்க? போட்ட பணத்தைத் திருப்பித் தர மாட்டோம்." வட்டி மிச்சம், வட்டி மிச்சம் என்றே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தேன். வாடகையும் அதில் விழும், தவணையும் அதிலிருந்துதான் போகும். வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை.

புனலூரில் கே.எஸ்.எஃப்.இ. சிட்டி ஒன்றும் போட்டிருந்தேன், கேரள அரசின் சீட்டு நிறுவனம். அதை ஏலத்தில் எடுத்துவிடலாம் என்று போனால், மீதித் தவணைக்கு ஜாமீன் வேண்டும் என்றார்கள். வேலையில்லாதவனிடம் ஏது சம்பளச் சான்றிதழ்? அங்கே எனக்குப் பழக்கமான ஸ்கூல் வாத்தியார் சேட்டன் கையெழுத்துப் போட வந்தார். பேனாவைத் திறந்துவிட்டு, "சிட்டி பிடிச்சால் மாசம் அடைக்கான் காசு எவிடுந்நா?" என்று கேட்டார். மாதம் கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பேனாவை மூடிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எடுக்காத சீட்டு சேமிப்பு, எடுத்த சீட்டு கடன். கட்டாத மாதங்களுக்குக் கொஞ்சம் நஷ்டமானதோடு சரி, பிறகு மெதுவாகக் கட்டிக் கடைசியில் எடுத்தேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கார்டில் எவ்வளவு பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. அதில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் முதலில் அடைக்க வேண்டியது அதுதான். அதற்காக, பாதி கட்டினால் போதும் என்று கூப்பிடுகிறவர்களிடம் உடனே தலையாட்டாதீர்கள். சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், முழுதாக முடித்த கணக்காக அதை எந்த பேங்கும் பார்க்காது. நகைக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள். வீட்டுக் கடனுக்கு இந்த வாரமே கிளைக்குப் போய் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். இருக்கிற மூன்று தவணைப் பணத்தை ஒரே மூச்சில் கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால், மேலே உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

சங்கிலியை 2024 தையில் மீட்டேன். 2025-ல் ரெப்போ ஒன்றேகால் சதவீதம் இறங்கியபோது தவணையைக் குறைக்கச் சொல்லவில்லை, காலம் குறையட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதும் ஓட்டு வீட்டில்தான் இருக்கிறோம். மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகும். போன மாதம் வாடகைக்காரர் வந்து இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் உள்ளே இருந்து என் மனைவி, "இருங்க சார், அதுக்கென்ன" என்றாள்.