லெமுவேல் ஷா தொழிலாளர்க்கு எதிரானவரா?

கேள்வி: மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதியாக 1830 முதல் 1860 வரை இருந்த லெமுவேல் ஷாவைப் பற்றித் தீங்கியல் சட்டப் (ஒருவர் மற்றவருக்கு விளைவிக்கும் தீங்குக்கு இழப்பீடு பெறுவது பற்றிய சட்டம்) பாடத்துக்குக் கட்டுரை எழுதுகிறேன். தொழிலாளர்க்கு எதிரானவர் என்கிறார்கள் சிலர்; தொழிற்சங்கங்களைக் காத்தவர் என்கிறார்கள் வேறு சிலர். எந்தத் தீர்ப்புகளிலிருந்து தொடங்குவது?

பதில்: இரு கருத்துகளுக்கும் ஆதாரம் 1842ஆம் ஆண்டின் தீர்ப்புகளே என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள். முதலில் ஃபார்வெல் வழக்கு. பாஸ்டன்–வூஸ்டர் ரயில் நிறுவனத்தில் எஞ்சின் ஓட்டுநராக இருந்த நிக்கோலஸ் ஃபார்வெல், பாயின்ட்ஸ்மேனின் (வண்டிக்குத் தண்டவாளத் தடத்தை மாற்றிவிடும் ஊழியர்) கவனக்குறைவால் வண்டி தடம்புரண்டதில் வலது கையை இழந்தார். நாளொன்றுக்கு 2 டாலர் என்ற அவரது கூலியிலேயே இத்தகைய ஆபத்துக்கான ஈடும் அடங்கியிருக்கிறது என்றும், உடன் பணியாளர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வதே நல்ல பாதுகாப்பு என்றும் கூறி ஷா இழப்பீட்டை மறுத்தார். ஓடும் எஞ்சினில் நிற்பவர் தண்டவாளத்தோரம் இருக்கும் பாயின்ட்ஸ்மேனை எப்படிக் கவனிப்பார்? இருவரும் வெவ்வேறு பிரிவினர் என்ற வாதத்தை, பிரிவுகளுக்கிடையே கோடு கிழிப்பது கடினம் என்று சொல்லி அவர் ஒதுக்கிவிட்டார். தீர்ப்பின் மிகப் பலவீனமான இடம் இதுவே என்பது என் கருத்து. உடன் பணியாளரின் கவனக்குறைவால் நேரும் காயத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்பதே இத்தீர்ப்பின் ‘உடன் பணியாளர் விதி’; பழுதான இயந்திரத்தால் நேரும் விபத்துக்கு இவ்விதி பொருந்துமா என்பதை அவர் முடிவுசெய்யாமல் விட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டின் ஹன்ட் வழக்கில், சங்கத்தில் சேராதவரை வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்ய மறுத்த பாஸ்டன் காலணித் தொழிலாளர்களின் சதிக்குற்றத் தண்டனையை ஷா நீக்கினார். நோக்கமோ வழிமுறையோ சட்டவிரோதமாக இல்லாதவரை, ஒன்றுசேர்வது மட்டுமே குற்றமாகாது என்றார். இரண்டிலும் தொழிலாளி தன் விருப்பப்படி ஒப்பந்தம் செய்பவராகவே பார்க்கப்படுகிறார்: யாரிடம் வேலை செய்வது என்பதை அவரே தீர்மானிக்கலாம், ஆகவே வேலையின் ஆபத்தும் அவர் தலையிலேயே விழுகிறது. இந்த இழையைப் பிடித்து எழுதினால், ஆதரவா எதிர்ப்பா என்ற கேள்வியில் சிக்கவேண்டியதில்லை.

உடன் பணியாளர் விதியை இங்கிலாந்து 1948இல் முற்றாக ஒழித்தது. இந்தியாவில் 1938ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டது. நிலைத்து நின்றது 1850ஆம் ஆண்டின் பிரவுன்–கெண்டல் தீர்ப்பு. சண்டையிட்ட நாய்களை விலக்கக் கம்பை ஓங்கியபோது பின்னால் நின்றவரின் கண்ணில் பட்ட அவ்வழக்கில், எதிராளி உரிய கவனத்தோடு நடக்கவில்லை என்பதை வாதியே நிரூபிக்கவேண்டும் என்றார் ஷா.

கறுப்பினச் சிறுமி சாரா ராபர்ட்ஸின் வழக்கையும் விட்டுவிடாதீர்கள். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் பிரித்து வைக்கும் முறை செல்லும் என்ற ஷாவின் தீர்ப்பை 1855இல் மாநிலச் சட்டமன்றம் செல்லாததாக்கியபோதும், 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் இனப்பிரிவினையை நியாயப்படுத்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதையே மேற்கோள் காட்டியது.