வாத்தியார் பதில்கள்: கோபத்துக்கு எந்தப் பட்டன்?

கேள்வி: பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய எங்கள் தெரு இன்னும் பள்ளமாகவே கிடக்கிறது. போன முறை ஒரு பெரிய கட்சி, அதற்கு முன்னால் இன்னொரு பெரிய கட்சி, இருவரையும் பார்த்தாகிவிட்டது. 2022 மாநகராட்சித் தேர்தலில் வெறுத்துப்போய், யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்லும் நோட்டாவைத் தேடினேன். மிஷினில் அந்தப் பட்டனே இல்லை. அடுத்த முறை ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா?
(வாசகி ஒருவர், சத்துவாச்சாரி, வேலூர்)

பதில்: அம்மா, அன்றைக்கு நோட்டாவைத் தேடியது நீங்கள் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரம்மாவும் தேடிவிட்டு வந்து, ஏதோ நான்தான் அதை ஒளித்து வைத்தவன் போல என்னைத் திட்டினார். 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நோட்டா வந்தது சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கு விதிகள் வேறு. அந்த விதிகளில் 2022 பிப்ரவரி 19 வரை நோட்டா ஏறவில்லை.

சீட்டில் குத்தும் தேர்தலில் கோபத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. 2006-ல் ஒடுகத்தூர் பக்கத்து ஊராட்சிகளின் ஓட்டுகளை எண்ணும் வேலை எனக்கு. தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றைப் பிரித்தால், முத்திரையே இல்லை. குறுக்கே பால்பாயின்ட் பேனாவால், 'மொதல்ல கொயாயில தண்ணி வுடுங்க' என்று எழுதியிருந்தது. செல்லாத ஓட்டு. செல்லாதவற்றின் கட்டோடு சேர்த்து வைத்தோம். ஆனால் மேசையைச் சுற்றி நின்ற ஏஜென்ட்டுகள் ஏழெட்டுப் பேரும் கழுத்தை நீட்டிப் படித்தார்கள், ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மிஷினில் இப்படி எழுத முடியாது.

சரி, வீட்டில் இருந்துவிடலாமா? 2022-ல் சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை. ஓட்டு சுமார் 43 சதவீதம்தான். அதனால் மேயர் நாற்காலி காலியாகவா இருந்தது? வராதவர் சோம்பேறியா, கோபக்காரரா என்று பிரித்துப் பார்க்க எண்ணும் இடத்தில் மேசை கிடையாது.

என் வருத்தம் வேறு. 2011-ல் நமக்கு இரண்டு ஓட்டு: மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. மேயருக்கு ஒரு கட்சியில் போட்டேன். கவுன்சிலருக்கு, எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த சுயேச்சைக்குப் போட்டேன். கட்சி மேல் இருந்த கணக்கு ஒரு பக்கம், தெருக்கணக்கு ஒரு பக்கம். 2019-ல் அவசரச் சட்டம் போட்டு மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். (2006-லும் அப்படித்தான் இருந்தது, இந்த விதி நம்மூர் டவுன் பஸ் மாதிரி, போகும், வரும்.) இப்போது நம் கையில் ஒரே பட்டன். அதில் மேயரையும் அழுத்த வேண்டும், சாக்கடை மூடியையும் அழுத்த வேண்டும். வேட்பாளராக நிற்க சீட்டுக் கொடுக்கும்போது கட்சிக்காரர் பார்ப்பதும் 'மேயர் தேர்தலன்று இவர் நம் பக்கம் நிற்பாரா' என்பதைத்தான். உங்கள் பள்ளத்தில் அவர் என்றாவது வண்டியோடு விழுந்திருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே, போங்கள். நம் மாநகராட்சிக்கு 60 வார்டு. சில வார்டில் ஜெயிக்கிறவருக்கும் தோற்கிறவருக்கும் நடுவில் சில நூறு ஓட்டுதான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. உங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்தாலே வேட்பாளருக்கு வியர்க்கும். ஓட்டுக் கேட்டு வருகிறவரை அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துப் பேசுங்கள். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு கட்சியும் வேண்டாம் என்று நாங்கள் பாடுபட்டு ஜெயிக்க வைத்த சுயேச்சை, ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார். கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியைப் பறிக்க முடியாதா?
(இளைஞர் ஒருவர், காகிதப்பட்டறை)

பதில்: முடியாது தம்பி. அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். கவுன்சிலர் காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன என் டீக்கடைக்காரரும் ஜெயித்த ஒரு மாதத்தில் சால்வையோடு போஸ்டரில் சிரித்தார். கேட்டேன். "சார், எதிர்ல ஒக்காந்தா என் வார்டுக்கு ஒரு பல்புகூட வராது" என்றார். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் எனக்கு எரிச்சல். பல்பு வந்தது. அப்புறம் அவர் வரவில்லை.

கேள்வி: ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாதே. எங்கள் கிராமத்தில் மட்டும் கட்சிச் சண்டை ஏன்?
(விவசாயி ஒருவர், அணைக்கட்டு)

பதில்: ஒரே நாளில் நான்கு சீட்டு தருகிறார்களே, அதனால்தான். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சி இல்லை. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சி உண்டு. 2021 அக்டோபரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூரில் ஓட்டுக் கேட்டு வந்த ஆட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். பூட்டு சாவிக்கும் கட்சிச் சின்னத்துக்கும் ஒரே மைக்.

கேள்வி: காசு வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றிப் போட்டால் தப்பா?
(பெயர் வேண்டாம், காட்பாடி)

பதில்: காசுக்காக 2019-ல் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில் தனியாக ஓட்டுப் போட்ட வேலூர் தொகுதிக்குப் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள். என்னிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

கேள்வி: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்களே, இப்போது அதில் எதைச் சேர்க்கலாம்?
(வாசகர் ஒருவர், கொசப்பேட்டை)

பதில்: 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்த அன்றே சாமி இல்லாத கோயிலை அடித்தாயிற்று. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. 2022-லிருந்து கிராம சபை மாதிரி நகரத்திலும் ஏரியா சபை உண்டு என்கிறார்கள். எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்: ஜனம் இல்லாத சபை.