பவர்பால்: பரிசு பெருத்தால் வாய்ப்பும் பெருகுமா?

வணக்கம். டெக்சாஸில் அலுவலக நண்பர்கள் எட்டுப் பேரோடு சேர்ந்து பவர்பால் என்ற அமெரிக்க லாட்டரிக்கு டிக்கெட் வாங்குவதாகவும், பரிசுத்தொகை முன்பைவிடப் பெரிதாகிவிட்டதால் வெல்லும் வாய்ப்பும் கூடியிருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, நேர்மாறு.

1992இல் தொடங்கிய இந்த ஆட்டத்தின் எண் அமைப்பைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். குலுக்கலில் எடுக்கும் ஐந்து வெள்ளைப் பந்துகளின் எண்களும் ஒரு சிவப்புப் பந்தின் எண்ணும் பொருந்தினால்தான் முதல் பரிசு. 2015 அக்டோபரில் குலுக்கலுக்கான வெள்ளைப் பந்துகள் 59இலிருந்து 69 ஆயின. சிவப்புப் பந்துகள் 35இலிருந்து 26 ஆகக் குறைந்தன. சிறு பரிசு விழுவது சற்று எளிதானது. ஆனால் முதல் பரிசுக்கான வாய்ப்பு, ஏறத்தாழ 17.5 கோடியில் ஒன்றாக இருந்தது, 29.2 கோடியில் ஒன்றாகச் சரிந்தது. யாருக்கும் விழாததால் தொகை அடுத்தடுத்த குலுக்கலுக்குச் சேர்ந்துகொண்டே போகிறது; மலைபோல் குவிவது அதனால்தான். 2016 ஜனவரியில் 158.6 கோடி டாலரை எட்டியபோது மூன்று டிக்கெட்டுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டன.

விளம்பரத்தில் வரும் தொகை 30 தவணைகளாக, 29 ஆண்டுகளில் கிடைப்பது. மொத்தமாகக் கேட்டால் வெகுவாகக் குறையும். அதிலும் மத்திய வரி உண்டு.

பங்கு பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். குலுக்கலுக்கு முன்பே டிக்கெட்டைப் படமெடுத்து அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.