ஜாஸ் வயலின்தான் வேண்டும் என்கிறாள் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ‘பிழைப்பு’ என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. நியாயமான கவலைதான். நான்கு வயதிலிருந்து மேற்கத்தியச் செவ்வியல் வயலின் கற்ற பெண், பெரிய இசைக்குழுவில் உட்காருவாள் என்று பார்த்திருந்தால், ஜாஸ் என்று வந்து நிற்கிறாள். எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும்.

போன வாரம் அவள் என் முன்னால் வாசித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்திருந்ததைப் பிசகில்லாமல் வாசித்தாள். கண் மட்டும் தாளை விட்டு நகரவில்லை. “வேறு ஏதாவது வாசிம்மா” என்றேன். தயங்கித் தயங்கி, பாட்டி பாடுகிற தாலாட்டு ஒன்றை எடுத்தாள். முதல் தடவை அப்படியே வந்தது. இரண்டாம் தடவை ஒரு சுரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகத் தொட்டாள். மூன்றாம் தடவை அந்தத் தாமதத்தையே பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு, முதல் வரிக்குச் சரியாக வந்து இறங்கினாள். வில் பிடித்த கை அப்போதுதான் இளகியது. தெரிந்த மெட்டை இப்படி அந்தந்த நேரத்துக் கற்பனையில் மாற்றி வாசிப்பதுதான் ஜாஸின் உயிர். இந்தக் காதை வகுப்பில் கொடுக்க முடியாது, வளர்க்கத்தான் முடியும்.

இனி பிழைப்புக்கு வருவோம். ஜாஸ் வயலின் கலைஞர் ரெஜினா கார்ட்டரின் வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பெண். இவரும் நான்கு வயதில், சிறு பிள்ளைகளுக்குக் காதால் கேட்டுப் பழக்கும் சுசுகி முறையில் வயலின் தொடங்கியவர். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் சேர்ந்தார். தேடியது அங்கே கிடைக்காமல், சொந்த மாநிலமான மிச்சிகனுக்குத் திரும்பி ஓக்லண்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவருக்கு ஜாஸ் கற்றுக்கொடுத்தவர் மார்வின் ஹாலடே. அவர் வயலின்காரர் இல்லை, சாக்ஸபோன்காரர். உங்கள் மகளுக்கும் இதையேதான் சொன்னேன்: வயலின் பதிவுகளை மட்டும் கேட்காதே, காற்று வாத்தியக்காரர்கள் எங்கே மூச்சு எடுக்கிறார்கள் என்று கவனி. வில்லுக்கு மூச்சு தேவையில்லை என்பதால், நிறுத்தத் தெரியாமல் இழுத்துக்கொண்டே போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

பட்டம் வாங்கியதும் மேடை ஒன்றும் கார்ட்டருக்காகக் காத்திருக்கவில்லை. டெட்ராய்ட் அரசுப் பள்ளிகளில் தந்தி வாத்தியம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் இரண்டு வருடம் ஜெர்மனி. அங்கே ஒரு குடும்பத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை, அமெரிக்க ராணுவ முகாமில் வயலின் வகுப்பு, கிடைத்த இடத்தில் வாசிப்பு. ஊர் திரும்பி ‘ஸ்ட்ரெய்ட் அஹெட்’ என்ற பெண்கள் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். நியூயார்க்குக்குப் போனது அதற்குப் பிறகுதான். தன் பெயரில் முதல் இசைத்தொகுப்பு 1995-ல் வந்தது. 2001-ல் இத்தாலியின் ஜெனோவா நகரம், பழைய வயலின் மேதை பகானினி விட்டுச்சென்ற 1743-ஆம் ஆண்டு வயலினை அவர் கையில் கொடுத்தது. ஜாஸ் கலைஞர் ஒருவர் அதை வாசித்தது அதுவே முதல் முறை. 2006-ல், திறமைசாலிகளுக்கு அமெரிக்காவில் தரும் மெக்ஆர்தர் நல்கை, ஐந்து லட்சம் டாலர்.

கடைசி இரண்டு வரிகளைப் பார்த்து மயங்க வேண்டாம், அம்மா. நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது பள்ளிக்கூடமும் ஜெர்மனியுமான அந்த நடுவருடங்களை. உங்கள் மகளுக்கும் அப்படிச் சில வருடங்கள் வரும். அப்போது அவள் கையில் என்ன இருக்க வேண்டும்?

முதலில், கற்பிக்கும் தகுதி. பட்டப்படிப்போடு இசைக் கல்விப் பயிற்சியும் சேர்ந்த இடமாகப் பாருங்கள். வகுப்பு எடுப்பதைத் தோற்றவர் வேலை என்று அவள் நினைக்கிறாள், பேச்சில் தெரிந்தது. கார்ட்டர் கதையை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். இரண்டாவது, பியானோ. சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டுகள் (கார்டு) ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி நகர்கின்றன என்பது நான்கு தந்தியில் தெரியாது, பியானோ கட்டைகளில் கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, ‘சாப்’. வில்லின் அடிப்பகுதியைத் தந்தியில் கொத்தித் தாளம் எழுப்பும் உத்தி இது. 1960-களில் ரிச்சர்ட் கிரீன் என்ற அமெரிக்க வயலின்காரர் கண்டுபிடித்தது, டேரல் ஆங்கர் என்ற இன்னொரு வயலின்காரர் பரப்பியது. தனி வாசிப்பு முடிந்ததும் சும்மா நிற்கிற வயலின்காரரைவிட, அடுத்தவர் வாசிக்கும்போது தாளமாக மாறி முட்டுக்கொடுப்பவரைத்தான் குழுக்கள் மறுபடி கூப்பிடும்.

இசைக்குழு வேலை என்றால் நிச்சயம் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாற்காலி காலியானால் அதற்கு முட்டி மோதும் கூட்டம் பெரிது. அதற்காக அவளுடைய செவ்வியல் சாதகத்தை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். சுருதி சுத்தமும் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதும் இருந்தால் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூப்பிடுவார்கள்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. “அந்தப் பாட்டி பாட்டையெல்லாம் விட்டுவிட்டு ஒழுங்கான பாடத்தை வாசி” என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். கார்ட்டர் 2010-ல் ஆப்பிரிக்க நாட்டார் இசையை எடுத்து, கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியத்தோடும் அக்கார்டியனோடும் ஒரு தொகுப்பு செய்தார். 2014-ல் இன்னும் நெருங்கி வந்தார். அவருடைய தாத்தா அலபாமா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அந்த மனிதர் காலத்தில் அந்த மண்ணில் என்ன பாடியிருப்பார்கள் என்று தேடி, ஆலன் லோமேக்ஸ், ஜான் வொர்க் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பழைய பாடல்களைக் கேட்டு, அவற்றிலிருந்து ‘சதர்ன் கம்ஃபர்ட்’ தொகுப்பை உருவாக்கினார். உலக மேடையெல்லாம் ஏறியவர், பதிவுகளைப் புரட்டித் தேடிப் போய் எடுத்தது அது. உங்கள் வீட்டில் பாட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்.

கெடு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வையுங்கள். படிப்பு முடிந்து மூன்று வருடம் சரியாக இருக்கும். எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிடுகிறார்களா, மாணவர்கள் நிலைத்து நிற்கிறார்களா, வீட்டு வாடகையில் எவ்வளவு அவள் பங்கு என்று பாருங்கள். கழுத்து வலி, தோள் வலி என்றாளானால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வலியோடு சாதகம் செய்து கையைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நீங்கள் இருவரும் வரும்போது நுழைவுத் தேர்வுக்கான இரண்டு பாடல்களை முடிவு செய்துவிடலாம். அதற்குள் பாட்டி பாடுவதை, அவர் நடுவில் நிறுத்திப் பேசுவது உட்பட, முழுசாகப் பதிவு செய்து அவள் எடுத்து வரட்டும். ஒன்று அதிலிருந்தே இருக்கட்டும்.